அப்பாட பழைய போன்ல இருக்கிற பொயின்ற், வட்ஸ்அப், நம்பர் எல்லாம் புதுப் போனுக்கு மாத்திறது எப்பிடி?

திருக்கடலூர்_தங்கச்சி:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாட போன் மாத்தப் போறம், தெரிஞ்சவங்க கொஞ்சம் வடிவா சொல்லித் தாங்க. அப்பா கடல்தொழில். பழைய ரெட்மி ஒண்டத்தான் வள்ளத்துக்கும் கொண்டு போறவர், உப்புத்தண்ணி பட்டுப் பட்டு சார்ஜ் குத்திற இடம் கறள் பிடிச்சுப் போச்சு, வயரை ஒரு பக்கமா அமத்திப் பிடிச்சாத்தான் ஏறுது, கொம்பியூட்டர்ல குத்தினா போன் இருக்கிறதையே காட்டுதில்ல. சித்தப்பா கட்டார்ல இருந்து புது சாம்சுங் ஒண்டு குடுத்து விட்டிருக்கிறார்.

போட்டோ போனாலும் பரவாயில்ல எண்டு அப்பா சொல்றார், ஆனா ஓஸ்மாண்ட் எண்ட மெப் அப்ல அவர் குறிச்சு வச்ச பொயின்ற் எல்லாம் வேணும். பார் (கடலடிக் கல்லு) எங்க கிடக்கு, வலை எங்க சிக்கும், எந்தக் காலத்தில எங்க மீன் படும் எண்டு வருசக் கணக்கா அவரே குறிச்சது, வேற எங்கயும் எழுதி வைக்கல்ல. அடுத்தது வட்ஸ்அப், மீன் எடுக்கிற முதலாளிமாரோட கணக்குக் கதைச்ச வொய்ஸ் எல்லாம் அதுக்குள்ள. பிறகு நம்பர்கள், பாங்க் அப்.

தம்பி அப் அனுப்புற அப் ஒண்டால ஓஸ்மாண்ட புதுப் போனுக்கு அனுப்பிப் பாத்தான், அப் வந்திட்டுது, திறந்தா ஒரு பொயின்றும் இல்ல. டவுன்ல ஒரு கடையில கேட்டா போனையும் பாஸ்வேர்ட்டையும் தந்திட்டுப் போங்க, எல்லாத்தையும் மாத்திப் போட்டு பழையத ரீசெட் பண்ணித் தாறம் எண்டுறாங்க. அப்பாவுக்கு அது கொஞ்சமும் விருப்பமில்ல, எனக்கும்தான்.

உவர்மலை_ரூட்டர்:

தங்கச்சி, கடைக்குக் குடுக்க வேணாம், வீட்டிலயே செய்யலாம். பழைய போன்ல பொயின்ற் அப்பிடியே இருக்குத்தானே, அப்ப ஒண்டும் போகல்ல. முதல்ல தம்பி அனுப்பினது ஏன் வெறுமையா வந்தது எண்டத விளங்கிக் கொண்டா மிச்சம் லேசு. அப் எண்டுறது வேற, அதுக்குள்ள நாம போட்டு வச்சது வேற. அனுப்புற அப்கள் கொண்டு போறது அப்ப போன்ல நிறுவுற ஏபிகே பைல மட்டும்தான், அது பிளே ஸ்டோர்ல எப்பவும் கிடைக்கிற சாமான். அப்பா குறிச்சது அந்த அப்புக்கெண்டு அன்ட்ரொய்ட் ஒதுக்கி வச்ச தனி இடத்தில இருக்கு, அதுக்குள்ள வேற எந்த அப்பும் கை வைக்க ஏலாது, அது பாதுகாப்புக்குச் செய்தது. அன்ட்ரொய்ட் 11க்குப் பிறகு சாதாரண பைல் மனேஜராலயும் அன்ட்ரொய்ட் டேட்டா போல்டருக்குள்ள பழைய மாதிரிப் போக ஏலாமப் பண்ணிட்டாங்க. அப்ப வெளியில எடுக்கிற வழி ஒண்டுதான், அந்த அப்பையே திறந்து அதுக்கிட்டயே எக்ஸ்போர்ட் கேக்கிறது.

ஓஸ்மாண்ட்ல மெனு, அதுக்குள்ள மை பிளேசஸ், அதுக்குள்ள பேவரிட்ஸ். அங்க எக்ஸ்போர்ட் இருக்கும், அது குறிச்ச இடங்கள் எல்லாம் இருக்கிற ஜிபிஎக்ஸ் பைல் ஒண்டு தரும். நூத்துக்கணக்கில பொயின்ற் இருந்தாலும் அது சின்ன பைல்தான், ஒரு போட்டோட அளவு கூட வராது. பேவரிட்ஸ் மட்டுமில்லாம அப்பா ஓடின வழியையும் ரெக்கோர்ட் பண்ணி வச்சிருந்தா அது ட்ராக்ஸ் எண்டு பக்கத்தில இருக்கும், அதையும் எடுங்க, மறந்து போற சாமான் அதுதான். அந்த பைல்கள உங்கட ஜிமெயிலுக்கு அனுப்புங்க, மெமரி கார்ட் இருந்தா அதிலயும் ஒரு கொப்பி போடுங்க, தம்பிட போனுக்கும் ஒண்டு. புதுப் போன்ல ஓஸ்மாண்ட பிளே ஸ்டோர்ல இருந்து இறக்கி, ஜிபிஎக்ஸ்ஸ அதால திறந்து பேவரிட்ஸுக்கு இம்போர்ட் குடுத்தா சரி. இலங்கை மெப்ப மட்டும் திரும்ப டவுன்லோட் பண்ண வேணும், கரையில இருக்கக்குள்ளயே செய்து வையுங்க.

இத இண்டைக்கே செய்யுங்க தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு. சார்ஜ் ஏற மாட்டன் எண்டு அடம்பிடிக்கிற போன் எந்த நேரம் ஒரேயடியா நிண்டு போகும் எண்டு சொல்ல ஏலாது, நிண்டா பிறகு எக்ஸ்போர்ட் எண்ட பேச்சே இல்ல.

கோணமலைக்காரன்:

ஏன் இவ்வளவு பாடு, கூகிள் பக்கப் ஓன் பண்ணி விட்டா புதுப் போன்ல அதே ஜிமெயிலப் போட எல்லாம் தானா வரும். நான் அப்பிடித்தான் மாத்தினன், ஒரு பிரச்சினையும் இல்ல.

உவர்மலை_ரூட்டர்:

கோணமலை அண்ணா, நம்பர், போட்டோ, வைபை பாஸ்வேர்ட் மாதிரி விசயத்துக்கு நீங்க சொல்றது சரி. ஆனா ஒவ்வொரு அப்புக்குள்ளயும் இருக்கிறதுக்கு அத நம்ப ஏலாது. கூகிள் ஒரு அப்புக்கு 25 எம்பி மட்டும்தான் அந்த பக்கப்ல எடுக்கும், அப் செய்தவங்க வேணாம் எண்டு போட்டிருந்தா அதுவும் எடுக்காது, எடுத்ததா இல்லையா எண்டு எங்களுக்கு வடிவா காட்டவும் மாட்டுது. போன 57 நாள் பாவிக்காம விட்டா அந்த பக்கப்பயும் அழிச்சிடும், பழைய போன அலமாரிக்குள்ள வச்சிட்டு ஆறுதலாப் பாப்பம் எண்டு இருக்கிற ஆக்களுக்கு இது தெரியிறதில்ல. கூகிள் பக்கப்பும் இருக்கட்டும், ஓன் பண்ணி விடுங்க தங்கச்சி, ஆனா பொயின்ற கையால எடுத்து வையுங்க.

நிலாவெளி_கவி:

வட்ஸ்அப் நான் சொல்றன் தங்கச்சி, போன மாசம்தான் அம்மாவுக்கு மாத்தினன். ரெண்டும் அன்ட்ரொய்ட் எண்டபடியா கேபிளும் வேணாம், கூகிள் ட்ரைவும் வேணாம், 2023ல இருந்து வட்ஸ்அப்புக்குள்ளயே ட்ரான்ஸ்பர் சட்ஸ் எண்டு ஒண்டு இருக்கு. ரெண்டு போன்லயும் வைபையும் லொகேசனும் ஓன்ல இருக்க வேணும், பக்கத்தில பக்கத்தில வையுங்க. பழைய போன்ல வட்ஸ்அப் செட்டிங்ஸ், சட்ஸ், ட்ரான்ஸ்பர் சட்ஸ் போய் தொடங்குங்க. புதுப் போன்ல வட்ஸ்அப் இறக்கி அப்பாட அதே நம்பர அடிச்சா 6 இலக்கக் கோட் எஸ்எம்எஸ்ல வரும், அதப் போட்டா பழைய போன்ல இருந்து எடுக்கவா எண்டு கேக்கும், ஓம் எண்டா கியூஆர் ஒண்டு காட்டும், அத பழைய போனால ஸ்கேன் பண்ணுங்க. வொய்ஸ், போட்டோ, குரூப் எல்லாம் வரும்.

நம்பரும் ஒண்டாத்தான் இருக்க வேணும், இதோட சேத்து புது சிம் எடுப்பம் எண்டு நினைச்சிருந்தா முதல்ல பழைய நம்பரோடயே மாத்தி முடிச்சிட்டுப் பிறகு வட்ஸ்அப்புக்குள்ள சேஞ்ச் நம்பர் குடுங்க.

இத தொடங்க முதல் ட்ரைவுக்கும் ஒரு பக்கப் போட்டு விடுங்க, சார்ஜ் குத்திற போர்ட் பழுதான போனெண்டபடியா சொல்றன். வட்ஸ்அப் பக்கப் முந்தி கணக்கில வராது, 2024ல இருந்து அதுவும் கூகிள் தாற இலவச 15 ஜிபிக்குள்ளதான், வீடியோவ விட்டிட்டுப் போட்டா இடமும் மிச்சம் டேட்டாவும் மிச்சம். பக்கப்புக்கு என்ட் டு என்ட் பாஸ்வேர்ட் போட்டிருக்கா எண்டும் பாருங்க, போட்டிருந்து அது மறந்து போனா வட்ஸ்அப்காரராலயும் திறக்க ஏலாது. டூ ஸ்டெப் எண்டு 6 இலக்கப் பின் வச்சிருந்தா அதையும் அப்பாட்ட முதல்லயே கேளுங்க, அது மறந்து மீட்கிற ஈமெயிலும் குடுக்காட்டி 7 நாள் காத்திருக்க வேண்டி வரும், கணக்கு வழக்கு ஓடுற நம்பருக்கு அது பெரிய இடைஞ்சல்.

திருக்கடலூர்_தங்கச்சி:

ரெண்டு பேருக்கும் நல்ல நன்றி. கவி அக்கா, எங்கட வீட்டில பைபர் இல்ல, போன் டேட்டாதான். அந்த ட்ரான்ஸ்பருக்கு டேட்டா முடிஞ்சிடுமா? அப்பாட வட்ஸ்அப் 9 ஜிபி காட்டுது.

நிலாவெளி_கவி:

டேட்டா முடியாது தங்கச்சி, பயப்பிட வேணாம். வைபை எண்டு சொன்னது ரெண்டு போனும் தங்களுக்குள்ள நேரா கதைக்கிறதுக்குத்தான், இன்டர்நெட்டால போகாது. வட்ஸ்அப் இறக்கிறதுக்கும் நம்பர் சரி பாக்கிறதுக்கும்தான் கொஞ்ச டேட்டா போகும். பிளே ஸ்டோர்ல மற்ற அப்கள் இறக்கிறத, ட்ரைவ் பக்கப்ப, இரவு டேட்டா இருக்கிற பக்கேஜ் எண்டா அந்த நேரத்தில போடுங்க. நம்பர், எஸ்எம்எஸ், போட்டோவுக்கு சாம்சுங்காரர்ட ஸ்மார்ட் ஸ்விட்ச் எண்ட அப் இருக்கு, புதுசு சாம்சுங் எண்டபடியா அதில அனேகமா ஏற்கனவே இருக்கும், ரெட்மில பிளே ஸ்டோர்ல இருந்து இறக்கி வயர்லெஸ் எண்டத அமத்துங்க. அதுவும் டேட்டா தின்னாது.

கிண்ணியா_றிபெயார்:

நான் போன் திருத்திற ஆள், அதால போர்ட்ட பத்திச் சொல்றன் தங்கச்சி. அந்த ஓட்டைக்குள்ள ஊசி, குண்டூசி விட்டுத் தோண்ட வேணாம், ஈரம் இருக்கக்குள்ள சார்ஜ் குத்தவும் வேணாம். கடல் தண்ணியும் கரண்டும் சேர்ந்தாத்தான் அந்தப் பின்கள் இவ்வளவு கெதியா தின்னுப்படுறது. நல்ல தண்ணியும் வேணாம், ஹெயார் ட்ரையரும் வேணாம். போன ஓஃப் பண்ணிப் போட்டு ஐசோப்ரோபைல் அல்கஹோல்ல நல்ல மெல்லிய பிரஷ்ஷ நனைச்சு மெதுவா துடைச்சு, வடிவா காய விட்டுட்டுக் குத்திப் பாருங்க. அதுக்கும் சரி வராட்டி போர்ட் மாத்தலாம், பெரிய வேலையில்ல, அழியிற ஒண்டும் இல்ல, ரீசெட் பண்ணத் தேவையே இல்ல. போர்ட் மாத்த பாஸ்வேர்ட் கேட்டா வேணாம் எண்டு சொல்லுங்க, திருத்தி முடிஞ்ச பிறகு நீங்களே அடிச்சுத் திறந்து காட்டலாம். பாங்க் அப் இருக்கிற போன், முன்னுக்கு இருந்து பாத்துச் செய்விங்க.

மாத்திற அண்டைக்கு பட்டறி நிறையச் சார்ஜ் ஏத்திட்டுத் தொடங்குங்க, 9 ஜிபி எண்டா நேரம் எடுக்கும், பாதியில வயரப் பிடிச்சுக் கொண்டு நிக்க ஏலாது.

கட்டார்ல இருந்து வந்த போன் எண்டா இன்னொண்டு. *#06# அடிச்சா ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற 15 இலக்க ஐஎம்இஐ நம்பர் வரும், ஆங்கிலத்தில ஐஎம்இஐ எண்டு அடிச்சு ஒரு இடைவெளி விட்டு அந்த நம்பரப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில பதிஞ்சிருக்கா இல்லையா எண்டு பதில் வரும். எல்லாத்தையும் மாத்திப் போட்டுப் பிறகு சிம் வேலை செய்யல்ல எண்டு நிக்காம முதல்லயே பாத்துக் கொள்றது நல்லம்.

சல்லிக்கரை_மாமா:

மகள், நானும் தொழில்காரன்தான், பிள்ளைகள் சொன்னதில பொயின்ற் விசயத்துக்கு ஒண்டு சேக்கிறன். பைல் மாத்தினாப் பிறகு அப்பாவ பக்கத்தில வச்சு, அவருக்கு நல்லாப் பழக்கமான ஒரு நாலஞ்சு பொயின்ற ரெண்டு போன்லயும் திறந்து இலக்கத்த ஒத்துப் பாருங்க. அதோட ஒரு கொப்பியில எழுதியும் வையுங்க, போன் கடல்ல விழுந்தாலும் கொப்பி வீட்டில கிடக்கும்.

எழுதக்குள்ள கவனம். போன்கள் அனேகமா 8.575 பாகை எண்டு தசமத்தில காட்டும், வள்ளத்தில பூட்டிற ஜிபிஎஸ்ல 8 பாகை 34.500 கலை (மினிட்) எண்டு இருக்கும். ரெண்டும் ஒரே இடம்தான், 0.575ஐ 60ஆல பெருக்கினா 34.5. இது தெரியாம 8 பாகை 34.5ஐ 8.345 எண்டு தசமத்தில அடிச்சா கிட்டத்தட்ட 25 கிலோமீற்றர் தள்ளிக் கொண்டு போய் விடும், எண்ணெய் விக்கிற விலைக்கு அத நினைச்சும் பாக்க ஏலாது. தசமத்துக்குப் பிறகு 5 இலக்கமும் எழுதுங்க, 5வது இலக்கம் கிட்டத்தட்ட ஒரு மீற்றர், மூண்டோட நிப்பாட்டினா 50 மீற்றர் மட்டில விலகலாம், சின்னப் பாரெண்டா வலை கல்லில போய் விழும்.

அந்தப் பொயின்ற் பைல குரூப்புகள்ல போடாதேங்க, அது அப்பாட உழைப்பு. உங்கட வீட்டாக்களோட இருக்கட்டும்.

திருக்கடலூர்_தங்கச்சி:

மாமா, ரூட்டர் அண்ணா, பொயின்ற் முழுக்க வந்திட்டுது! அப்பாவே பக்கத்தில இருந்து பேர் சொல்லிச் சொல்லி ஒத்துப் பாத்தவர், எல்லாம் சரி. வட்ஸ்அப்பும் வந்திட்டுது, வொய்ஸ் எல்லாம் வேலை செய்யுது. 1909லயும் பதிஞ்சிருக்கு எண்டு வந்தது. நம்பர்லதான் கொஞ்சம் குறையுது, பழைய போன்ல இருந்த சில பேர் புதுசில இல்ல. பாங்க் அப் திறந்தா புது டிவைஸ் எண்டு சொல்லி நிக்குது. பழைய போன இனி ரீசெட் பண்ணலாமா, தம்பி கேட்டுக் கொண்டு நிக்கிறான்.

உவர்மலை_ரூட்டர்:

நல்ல சந்தோசம் தங்கச்சி. குறையிற நம்பர்கள் சிம்ல சேவ் ஆகியிருக்கும், பழைய சிம்கள்ல 250 மட்டிலதான் பிடிக்கும், ஒரு பேரும் ஒரு நம்பரும்தான். சிம்ம புதுப் போன்ல போட்டு கொன்டக்ட்ஸ்ல இம்போர்ட் குடுத்து, சேவ் ஆகிற இடம் கூகிள் எக்கவுண்ட் எண்டு தெரிவு செய்யுங்க. அதுக்கும் வராட்டி பழைய போன்ல கொன்டக்ட்ஸ எக்ஸ்போர்ட் பண்ணினா நம்பர்கள் எல்லாம் இருக்கிற விசிஎஃப் பைல் ஒண்டு வரும், அதயும் ஜிபிஎக்ஸ் மாதிரித்தான் அனுப்பித் திறக்கிறது.

பாங்க் அப் அப்பிடித்தான் நிக்க வேணும், அது போனோட கட்டி வச்சிருக்கிறது, எந்த ட்ரான்ஸ்பராலயும் வராது, வந்தாத்தான் பயம். அப்பாட சிம் புதுப் போன்ல இருக்கக்குள்ள திரும்ப ரெஜிஸ்டர் பண்ணுங்க, ஓடிபி அந்த நம்பருக்கு வரும். அதுக்கும் விடாட்டி அடையாள அட்டையோட கிளைக்குப் போகச் சொல்லுங்க. ஓடிபிய ஆருக்கும் வாசிச்சுக் காட்ட வேணாம் எண்டு அப்பாவுக்கு ஒருக்கா சொல்லி வையுங்க.

ரீசெட் இப்ப வேணாம். பாங்க் அப் வேலை செய்து, அப்பா புதுப் போனோட ஒருக்கா கடலுக்கும் போய் வந்தாப் பிறகு தம்பிக்குக் குடுங்க. ரீசெட் பண்ண முதல் செட்டிங்ஸ்ல எக்கவுண்ட்ஸ் போய் அப்பாட கூகிள் எக்கவுண்ட கழட்டுங்க, ரெட்மி எண்டபடியா ஷியாவ்மி எக்கவுண்ட் இருந்தா அதையும். கழட்டாம ரீசெட் பண்ணினா திரும்பத் திறக்கக்குள்ள அந்தப் பாஸ்வேர்ட்டக் கேட்டுக் கொண்டு நிக்கலாம்.

சாம்பல்தீவு_ராணி:

இடையில வாறன், குறை நினைக்காதேங்க. மகன் எனக்கு ஐபோன் ஒண்டு தந்திருக்கிறான், பழையது சாம்சுங். கவி தங்கச்சி சொன்ன கியூஆர் முறை இதுக்கும் சரி வருமா?

நிலாவெளி_கவி:

இல்ல ராணியக்கா, அது வேற வழி. சாம்சுங்ல மூவ் டு ஐஓஎஸ் எண்ட அப்ப இறக்குங்க, ஐபோன முதல் முதல் செட்டப் பண்ணக்குள்ளயே அன்ட்ரொய்ட்ல இருந்து எடுக்கிறது எண்டத தெரிவு செய்தா கோட் ஒண்டு வரும், அதுக்குள்ள வட்ஸ்அப்பும் ஒரு தெரிவா இருக்கும். ட்ரைவ்ல போட்ட வட்ஸ்அப் பக்கப்ப ஐபோன் எடுக்காது, அதால அத நம்பிப் பழையத அழிச்சிடாதேங்க. மகன் ஏற்கனவே செட்டப் பண்ணித் தந்திட்டாரா, இல்ல பெட்டியோட அப்பிடியே இருக்கா?