பழைய கணினியில் புது மின்சுற்றுப் பலகை மாட்டிய அனுபவம்: நடந்ததை அப்படியே எழுதுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். சித்தப்பா வைத்திருந்த கமோடோர் 64 போன வருடம் என் கைக்கு வந்தது. கூடவே 1541 டிஸ்க் டிரைவ், ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஃப்ளாப்பி, அந்தக் காலத்துப் பவர் சப்ளை. 1982-இல் வெளிவந்த வீட்டுக் கணினி. எடுத்தவுடன் சுவிட்சைப் போட்டுப் பார்க்கக் கை பரபரத்தது, ஆனால் விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் "முதலில் சப்ளையை அளந்து பார், அப்புறம் மற்றதெல்லாம்" என்று தடுத்துவிட்டார். அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அந்தக் கனத்த சப்ளைக் கட்டியிலிருந்து இரண்டு மின்சாரம் வருகிறது: 9 வோல்ட் ஏசி, 5 வோல்ட் டிசி. உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியிருப்பதால் சூடு வெளியேற வழியில்லை. வருடக்கணக்காக வெந்து வெந்து ரெகுலேட்டர் கெட்டுப்போகும்போது பல சமயம் 5 வோல்ட் குறைவதில்லை, ஏறுகிறது. ஏறினால் முதலில் போவது ரேம் சிப்புகள். நான் ஒரு ரெசிஸ்டரைச் சுமையாகப் போட்டு மீட்டரை வைத்தேன். முதலில் 5.1 காட்டியது, சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழித்துக் கட்டி சூடான பிறகு பார்த்தால் 5.6. அதை அன்றே ஓரம் கட்டிவிட்டு, புதிதாகச் செய்த சப்ளை ஒன்று வாங்கினேன். இந்த இயந்திரத்துக்கு நான் மாட்டிய முதல் நவீனச் சாமான் அதுதான். டிரைவுக்குப் பதிலாக மாட்டும் எஸ்டி கார்டு கருவி எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சப்ளையைப் பற்றித்தான் கேட்பேன்.

சரி, டிரைவுக்கு வருகிறேன். விலைக்கு வாங்கிய விளையாட்டு டிஸ்க் எதைப் போட்டாலும் அது கடகடவென்று அடித்துக்கொண்டு பிழைச் செய்தி தந்தது. டிஸ்க்கைப் படிக்கும் தலை இடம் மாறியிருக்கிறது என்று புரிந்தது. டிரைவைத் துணி சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, எஸ்டி கார்டை வைத்து டிரைவ் போல நடிக்கும் எஸ்டி2ஐஇசி வாங்கினேன். கையடக்கமான பலகை, கேசட் போர்ட்டிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும், ஒற்றைக் கோப்பு விளையாட்டுகளை அருமையாக ஏற்றியது. ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு இரண்டு டிஸ்க் உள்ள ஒரு விளையாட்டைப் போட்டபோது தலைப்புப் படம் வந்து அப்படியே நின்றுவிட்டது. இன்னொன்று, அதுவும் நின்றது. பலகை கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

காரணம் வேறு. 1541 தனியாக ஒரு கணினி. அதற்குள் சொந்தமாக ஒரு 6502 செயலியும் 2 கிலோபைட் ரேமும் இருக்கின்றன. சாதாரணமாக அது நொடிக்குச் சுமார் 400 பைட்தான் அனுப்பும் என்பதால், விளையாட்டுகளை எழுதியவர்கள் தங்கள் வேக ஏற்றியின் (விளையாட்டைச் சீக்கிரம் ஏற்றும் நிரலின்) ஒரு பாதியை டிரைவின் ரேமுக்குள்ளேயே அனுப்பி அங்கே ஓடவிட்டார்கள். எஸ்டி2ஐஇசியில் இருப்பது வேறு வகை மைக்ரோகண்ட்ரோலர். டிரைவின் மொழியை அது பேசும், பிரபலமான சில வேக ஏற்றிகளை அடையாளம் கண்டு ஈடுகொடுக்கவும் செய்யும், ஆனால் தெரியாத 6502 நிரலைக் கையில் கொடுத்தால் அதனால் ஓட்ட முடியாது.

அதன் பிறகுதான் பை1541-க்குப் போனேன். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று, அதன் மேல் கமோடோரின் 5 வோல்ட்டையும் பையின் 3.3 வோல்ட்டையும் இணைத்து வைக்கும் சிறு பலகை. 1541-இன் செயலி, ரேம், உள்ளே இருக்கும் துணைச் சிப்புகள் எல்லாவற்றையும் சுழற்சிக்குச் சுழற்சி அப்படியே நடிக்கிறது. நின்றுபோன இரண்டு விளையாட்டுகளும் ஓடின. டிஸ்க் மாற்றச் சொல்லும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சின்ன பஸர் ஒன்று சேர்த்திருக்கிறேன், தலை நகர்கிற ஒவ்வொரு அடிக்கும் டிக் டிக் என்று ஒலிக்கும். அந்தச் சத்தம் இல்லாமல் திரையைப் பார்த்துக் காத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் எதை மாட்டினீர்கள், என்ன நடந்தது, எது போனது? நன்றாக நடந்ததை மட்டும் எழுத வேண்டாம்.

* * *

எது போனது என்று கேட்டீர்கள், சொல்கிறேன். என்னுடையது 48 கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். அதற்கு டிவ்எம்எம்சி என்ற எஸ்டி கார்டு பலகை வாங்கினேன். பின்பக்க எட்ஜ் கனெக்டரில் (கணினிப் பலகையின் ஓரமே இணைப்பாக இருக்கும் இடம்) செருகி, எஸ்டி கார்டைப் போட்டு, பலகையில் உள்ள என்எம்ஐ பொத்தானை அழுத்தினால் கோப்புப் பட்டியல் வரும். ஐந்து நிமிடம் டேப்பில் ஏறியது இரண்டே நொடியில் ஏறிவிடுகிறது. முதல் நாள் இரவு தூங்கவே இல்லை.

மூன்றாவது நாள், ஓடிக்கொண்டிருந்த கணினியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். பலகை ஒரு மில்லிமீட்டர் அசைந்திருக்கும். படம் உடைந்தது, அணைத்துப் போட்டேன், திரை முழுக்க நெட்டுக் கோடுகள். அந்தக் கனெக்டரில் மின்சாரக் கம்பிகளும் சமிக்ஞைக் கம்பிகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. பலகை கோணலானால் ஒன்று இன்னொன்றைத் தொடும். ஸ்பெக்ட்ரமின் கீழ் 16 கிலோபைட்டில் இருக்கும் 4116 சிப்புகளுக்கு 5 வோல்ட், 12 வோல்ட், மைனஸ் 5 வோல்ட் என்று மூன்று வேண்டும். அந்த மைனஸ் 5-ஐ உண்டாக்கும் சிறிய சுற்றில் டிஆர்4 என்ற டிரான்சிஸ்டர் இருக்கிறது. என்னுடையதில் அது போய், அதனோடு மூன்று ரேம் சிப்புகளையும் கொண்டுபோனது.

நானே மாற்றினேன், இரண்டு வாரம் ஆனது. முதலில் டிரான்சிஸ்டர், பிறகு மூன்று மின்னழுத்தமும் சரியாக இருக்கிறதா என்று ரேம் சாக்கெட்டில் அளந்து பார்ப்பது, அதன் பிறகுதான் புதுச் சிப்புகளைச் செருகுவது. இந்த வரிசையை மாற்றினால் புதுச் சிப்பும் போகும். இப்போது அந்தப் பலகைக்கு அடியில் ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்து, கணினியோடு சேர்த்து ஒரே தட்டில் திருகி வைத்திருக்கிறேன். மின்சாரம் இருக்கும்போது அதன் பக்கத்தில் யாரையும் கை வைக்க விடுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மகளுக்குக் காட்ட நான் டிவ்எம்எம்சியை எடுப்பதில்லை. டிஇசட்எக்ஸ்டுயினோ என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, ஆர்டுயினோ, எஸ்டி கார்டு, இரண்டு வரித் திரை, அவ்வளவுதான். டேப் கோப்பை ஒலியாக மாற்றி இயர் துளைக்குள் அனுப்பும். எட்ஜ் கனெக்டரைத் தொட வேண்டியதே இல்லை. முதலில் அந்த நீண்ட ஊளை, திரை ஓரத்தில் சிவப்பும் வெளிர் நீலமும் தடித்த பட்டைகளாக ஊர்ந்து போகும், அப்புறம் கிறீச்சென்று தரவு தொடங்கியதும் மஞ்சளும் நீலமும் மெல்லிய கோடுகளாகத் துடிக்கும், நடுவில் படம் மூன்று துண்டாக, மேலிருந்து ஒவ்வொரு வரியாக நிரம்பி, கடைசியில்தான் நிறம் வந்து சேரும். அவள் வாய் மூடாமல் பார்த்தாள். இரண்டு நொடியில் ஏற்றிக் காட்டியிருந்தால் எதையும் பார்த்திருக்க மாட்டாள்.

* * *

அட்டாரி 800எக்ஸ்எல் வைத்திருப்பவர்களுக்கு ஃபுஜிநெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். டிரைவ், பிரிண்டர் எல்லாம் செருகும் எஸ்ஐஓ போர்ட்டில் செருகினால் போதும், பெட்டியைத் திறக்க வேண்டாம், எதையும் பற்றவைக்க வேண்டாம். உள்ளே ஈஎஸ்பி32 என்ற வைஃபை சிப்பு இருக்கிறது, வைஃபை வழியாகவே டிஸ்க் படங்களை (டிஸ்க்கின் நகலாக இருக்கும் கோப்புகளை) ஏற்றலாம், பிரிண்டராகவும் நடிக்கும், அச்சடித்ததைப் பிடிஎஃப் ஆகத் தரும். 1983-ஆம் ஆண்டு இயந்திரத்தில் தட்டிய கடிதத்தை அடுத்த நிமிடம் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். எனக்கு இதுவரை எதுவும் போகவில்லை.

* * *

அமிகா 500, 1987 வகை. இரண்டு மாற்றம் செய்தேன், இரண்டைப் பற்றியும் எனக்கு வேறு வேறு கருத்து.

முதலாவது கோடெக், ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதிலாக மாட்டுவது. இது விளையாட்டுக்காகப் பிறந்த கருவியே கிடையாது. ஃப்ளாப்பியை நம்பி ஓடிய எம்பிராய்டரி இயந்திரம், தொழிற்சாலை இயந்திரம் போன்றவற்றுக்காகச் செய்தது. அதில் கெய்ர் ஃப்ரேசர் எழுதிய ஃப்ளாஷ்ஃப்ளாப்பி ஃபர்ம்வேரைப் போட்டதும் 880 கிலோபைட் அமிகா டிஸ்க் படங்களை யுஎஸ்பி குச்சியிலிருந்து படிக்கிறது. வேகம் அதிகமாகாது, அசல் டிரைவ் எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம்தான். ஆனால் பூஞ்சை பிடித்த ஃப்ளாப்பியோடு மல்லுக்கட்ட வேண்டாம். பெட்டியை வெட்டித் துளை போடாதீர்கள், அசல் டிரைவின் இடத்திலேயே உட்காரும் பிடிப்பான்கள் கிடைக்கின்றன. கழற்றிய டிரைவைப் பத்திரமாக வையுங்கள்.

இரண்டாவது பைஸ்டார்ம். 68000 செயலியைக் கழற்றிவிட்டு, அந்த 64 கால் சாக்கெட்டில் ஒரு பலகையைச் செருகி, அதன் மேல் ராஸ்பெர்ரி பை. அதில் 68000-ஆக நடிக்கும் ஈமு68 என்ற மென்பொருள் ஓடுகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் திணறிக்கொண்டிருந்த இயந்திரம் பறக்கிறது, வன்தட்டு எஸ்டி கார்டிலேயே, நினைவகம் பையிலேயே. செயலியைக் கழற்றும்போது அவசரப்பட்டுத் திருப்புளியை ஒரு பக்கமாக நெம்பினேன், சாக்கெட்டுக்கு அடியில் போன ஒரு செப்புக் கோடு அறுந்தது. லென்ஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடித்து மெல்லிய கம்பியால் இணைத்தேன். இரண்டு முனையையும் மாறி மாறி, நூல் நூலாகத் தூக்க வேண்டும். அவ்வளவு நீளச் சிப்பு ஒரு பக்கம் எழும்பினால் மறுபக்கக் கால்கள் வளைந்துவிடும்.

செயலியையே மாற்றிய பிறகு அது அமிகாவா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். படத்தை இன்னும் டெனிஸ்தான் வரைகிறது, ஒலியை பௌலாதான் தருகிறது, நினைவகத்தை ஆக்னஸ்தான் பங்கிடுகிறது. அசல் சிப்புகள் மூன்றும் வேலை செய்கின்றன. எனக்கு அது போதும். ஆனாலும் பழைய டெமோக்கள் (படமும் இசையுமாக ஓடும் காட்சி நிரல்கள்) சில 68000-இன் நேரக் கணக்கை நம்பி எழுதப்பட்டவை, அவை தடுமாறும். அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய செயலியைத் திரும்பச் செருகுகிறேன். பொறுமை வேண்டும்.

அமிகா 500 வாங்குகிறவர்கள் அடிப்பக்கக் கதவைத் திறந்து 512 கிலோபைட் ஏ501 பலகை இருந்தால் உடனே வெளியே எடுங்கள். அதன் தகர மூடிக்குள் கடிகாரத்துக்கான ரீசார்ஜ் பேட்டரி இருக்கும், அது கசிந்து செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். புதுச் சாமான் வாங்குவதெல்லாம் அதற்கு அடுத்த வேலை.

அப்புறம், தொடங்கியவருக்கு ஒரு கேள்வி. அலமாரியில் வைத்த 1541-ஐ என்ன செய்யப் போகிறீர்கள்? தலையைச் சீரமைக்கக் கொடுப்பதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் சித்தப்பாவே எழுதிய டிஸ்க் அந்தப் பெட்டியில் இருக்கிறதா?

* * *

இடையில் ஒன்று. கமோடோர் 64-இல் சிட் ஒலிச் சிப்பை மாற்ற நினைப்பவர்கள் எண்ணைப் பார்த்துச் செருகுங்கள். 6581-க்கு 12 வோல்ட், 8580-க்கு 9 வோல்ட். பழைய பலகையில் 8580-ஐ அப்படியே வைத்து ஒன்றை இழந்தேன், இப்போது சிட்டுக்குப் பதிலான ஆர்ம்சிட் என்ற புதுச் சிப்பைப் போட்டிருக்கிறேன். நன்றாகவே இருக்கிறது, ஆனால் அசல் 6581 ஒவ்வொன்றிலும் ஃபில்டர் ஒவ்வொரு மாதிரி ஒலிக்கும், என் பழைய சிப்பின் குரல் என் காதில் இன்னும் இருக்கிறது.

* * *

தொடங்கியவன் மறுபடி வந்திருக்கிறேன். அமிகா நண்பரின் கேள்வி என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. டிரைவை நான் சீரமைக்கக் கொடுக்கத்தான் இருந்தேன், பெட்டியில் கூடக் கட்டி வைத்துவிட்டேன். நல்ல வேளை.

அவர் தனியாக விளக்கியதைச் சொல்கிறேன். தலை இடம் மாறிய டிரைவ், அடுத்தவர் எழுதிய டிஸ்க்கைத்தான் படிக்காது. இடம் மாறிய பிறகு அது தானே எழுதியது கோணல் கோட்டில் இருக்கும், தலையும் அதே கோணலில் இருப்பதால் சரியாகப் படித்துவிடும். தலையை நேராக்கினால் அந்த டிஸ்க்குகள் வாசிக்க முடியாமல் போய்விடும். எனக்கு இது தோன்றவே இல்லை.

பெட்டியைக் கவிழ்த்தேன். கடையில் வாங்கியவற்றுக்கு அடியில் கையால் எழுதிய ஒட்டுத்தாளோடு பதினான்கு டிஸ்க். தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, பூஞ்சை இல்லாத டிஸ்க்காகப் பார்த்து ஒன்றைப் போட்டேன். பை1541-க்கு டிரைவ் எண் 9 கொடுத்துவிட்டு, பழைய டிரைவை 8-ஆகவே விட்டேன், இரண்டும் ஒரே கம்பியில் வரிசையாக. பட்டியலைக் கேட்டதும் டிரைவ் ஒரு முறைகூடக் கடகடக்கவில்லை. சிவப்பு விளக்கு நிதானமாக எரிந்தது, பதினொரு கோப்பு வந்தது.

ஒவ்வொன்றாக 8-லிருந்து ஏற்றி 9-இல் சேமித்தேன். அதில் ஒன்று பேசிக் நிரல்மொழியில் எழுதிய வாய்ப்பாட்டு விளையாட்டு. லிஸ்ட் கொடுத்துப் பார்த்தால் பத்தாவது வரியில் ஒரு ரெம் குறிப்பு, அதில் சின்ன வயதில் வீட்டில் என்னைக் கூப்பிட்ட பெயர். ஓட்டினேன். ஏழு எட்டு எவ்வளவு என்று கேட்டது. வேண்டுமென்றே தப்பாகத் தட்டினேன், திரை சிவந்து, மறுபடி யோசி என்று எழுதிக் காட்டியது.

இன்னும் பதின்மூன்று டிஸ்க் இருக்கிறது. மூன்றில் பூஞ்சை தெரிகிறது, அவற்றை உறையிலிருந்து எடுத்துக் கழுவித்தான் போட வேண்டும். அதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள், அதுவரை நான் அவற்றைத் தொடப்போவதில்லை.