கொடைக்கானலில் மதுரையோடு தொடர்புள்ள பழைய இடங்கள் எவை?

செல்லூர்வாசி:
வரலாற்று ஆர்வமுள்ள பன்னிரண்டு பேர் மதுரையிலிருந்து வேனில் கொடைக்கானல் போகிறோம். விடியுமுன் கிளம்பி இரவு திரும்ப வேண்டும். தூண் பாறை, குணா குகை எல்லாம் எல்லாரும் பார்த்தாயிற்று. அந்த ஊர் எப்படி உண்டானது என்று தெரிந்துகொள்ளும்படியான இடங்கள் எவை? எந்த வரிசையில் போகலாம்? அதை அமெரிக்கர்கள் உண்டாக்கினார்கள் என்கிறார் குழுவில் ஒருவர். வெள்ளைக்காரத் துரைமார்தானே மலையில் ஊர் கட்டினார்கள்?

பசுமலையான்:
உங்கள் நண்பர் சொல்வது சரி. 1821-ல் ஆங்கிலேய அதிகாரி லெப்டினன்ட் வார்டு பழனி மலையை அளந்துவிட்டுப் போனார். ஆனால் அங்கே முதலில் வீடு கட்டிக் குடியேறியது மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள். இன்றைய அமெரிக்கன் கல்லூரிக்கு வேர் அதே மிஷன்தான்.

1834 முதல் மதுரைக்கு வந்த மிஷன்காரர்களில் பலரைக் காய்ச்சலும் காலராவும் கொண்டுபோயின. முதலில் சிறுமலையில்தான் ஓய்வு வீடு கட்டிப் பார்த்தார்கள். அந்த உயரம் போதவில்லை, மலேரியா அங்கேயும் வந்தது. அதனால்தான் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்துக்குப் போனார்கள். 1845-ல் ‘சன்னி சைடு’, ‘ஷெல்டன்’ என்று இரண்டு வீடுகள் எழுந்தன. ஊரின் தொடக்கம் அதுதான்.

ஏரியும் இயற்கை ஏரி அல்ல. மதுரை கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளை மறித்துக் கரை கட்டித் தேக்கிய நீர் அது. படகுத்துறையில் வரிசையில் நிற்கிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்!

வத்தலக்குண்டு பஸ்:
வரிசை முக்கியம் அண்ணே. நேரே ஏரிக்குப் போனால் பாதி நாள் நெரிசலிலேயே கழிந்துவிடும்.

காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். ஏறத்தாழ 120 கிலோமீட்டர், நான்கு மணி நேரம் ஆகும். முதலில் கோக்கர்ஸ் வாக். 1872-ல் போட்ட நடைபாதை அது. பத்து மணிக்குள் நடந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சரிவோடு மேலே வந்து குளிர்ந்து மேகமாகிவிடும். அப்புறம் பக்கத்தில் நிற்பவர்கூடத் தெரியமாட்டார். அங்கிருந்து பக்கத்திலேயே சலேத் மாதா கோயில், 1860-களில் கட்டியது. ஆகஸ்ட் 14, 15 திருவிழா நாட்களில் போகாதீர்கள், வண்டி நிறுத்த இடமே இருக்காது.

அடுத்து குறிஞ்சி ஆண்டவர் கோயில். 1936-ல் இந்தக் கோயிலைக் கட்டியவர் இந்து சமயத்தைத் தழுவி லீலாவதி ராமநாதன் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஐரோப்பியப் பெண்மணி. வானம் தெளிவாக இருந்தால் வடக்கே பழனி மலை, தெற்கே வைகை அணை இரண்டும் தெரியும். குறிஞ்சி பூப்பது 2030-ல், அதற்காக யாரையும் இப்போது ஆசைகாட்டிக் கூட்டிப்போகாதீர்கள்.

செண்பகனூர் அருங்காட்சியகத்தை இறங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள், வழியிலேயே இருக்கிறது. இயேசு சபையார் 1895-ல் தொடங்கியது. திறந்திருக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்று: சொந்த வண்டி, வாடகை வண்டி எதுவானாலும் இ-பாஸ் கட்டாயம். வண்டி எண்ணை வைத்துத்தான் தருகிறார்கள். வேன்காரர் கடைசி நேரத்தில் வேறு வண்டி அனுப்பினால் பழைய பாஸ் செல்லாது. எண்ணை உறுதி செய்துகொண்டு எடுங்கள்.

மேல்மலை:
ஊரை அமெரிக்கர்கள் உண்டாக்கினார்கள் என்பதை அப்படியே விட மனமில்லை. நகரம் அவர்களுடையது, மலை அல்ல. பளியர் பழங்குடியினரும் பூம்பாறை, வில்பட்டி, வெள்ளகவி போன்ற ஊர்களின் குடிகளும் அதற்கு வெகுகாலம் முந்தியவர்கள். பேத்துப்பாறை, தாண்டிக்குடிப் பக்கத்துக் கற்திட்டைகள் (கற்பலகைகளால் கட்டிய ஈமச்சின்னங்கள்) இரும்புக்காலத்தவை. அவற்றில் பக்கப் பலகைகள் செங்குத்தாக நிற்கும், மூடுகல் அவற்றின் விளிம்பில் அமரும். அதனால் மேலே ஏறி நின்று படம் எடுத்தால் பலகை சாயும். குழுவினரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தாண்டிக்குடிக்கு ஊத்தில் பிரிந்து பண்ணைக்காடு வழியாகப் போக வேண்டும். உங்கள் ஒருநாள் திட்டத்தில் அது அடங்காது.

மோட்டார் சாலை வருமுன் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி (இன்றைய கொடை ரோடு), மாட்டு வண்டியில் அடிவாரம் வரை வந்து, அங்கிருந்து குதிரையிலோ நடந்தோ ஏறினார்கள். பலரை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றவர்கள் இந்தப் பக்கத்துக் கூலியாட்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பெரியகுளம் பக்கமிருந்து வெள்ளகவி வழியாக ஏறும் பழைய தடம் இன்னும் இருக்கிறது. வெள்ளகவி ஊருக்குள் செருப்பு போடுவதில்லை, அதை மதியுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தத் தடத்தில் இறங்காதீர்கள்.

செல்லூர்வாசி:
நன்றி. சூரிய ஆய்வகத்தையும் சேர்க்கலாமா?

பசுமலையான்:
தாராளமாக. சூரியக் கரும்புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். நிறமாலைக் கோடுகள் சற்றே இடம் பெயர்ந்திருந்ததை வைத்து அதைக் கண்டார். நூறாண்டுக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்களும் அங்கே சேர்ந்திருக்கின்றன. ஏரியிலிருந்து இன்னும் மேலே ஏற வேண்டும், அதனால் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பு வைத்துக்கொள்ளுங்கள். பார்வையாளர் நேரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள்.