40-ஆம் நிலைக்குள் தங்கம் சேர்ப்பது எப்படி?

கேள்வி:
வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற இணைய விளையாட்டில் என் கதாபாத்திரம் 22-ஆம் நிலையை எட்டியிருக்கிறது. 40-ஆம் நிலையில் சவாரிப் பயிற்சிக்கும் விலங்குக்குமாக விளையாட்டு நாணயத்தில் ஏறத்தாழ 100 தங்கம் தேவைப்படும் என்றாலும், தையல், மந்திரமேற்றுதல் (ஆடை, ஆயுதங்களுக்கு மந்திர ஆற்றல் ஊட்டுவது) என்று நான் கற்கும் தொழில்களுக்கே பணம் கரைந்துவிடுவதால், என் கையில் 3 தங்கம்கூட இல்லை. நிலை உயர்வைத் தாமதப்படுத்தாமல் சேமிக்க வழி உண்டா?

பதில் 1:
நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டுமே வளரும் காலத்தில் பணத்தை விழுங்கும் தொழில்கள். அவற்றைக் கைவிட்டால் ஈட்டிய தேர்ச்சி முழுவதும் அழிந்துவிடும் என்பது உண்மைதான். ஆயினும் அவற்றுக்குப் பதிலாகத் தோலுரித்தலையும் சுரங்கத் தொழிலையும் கற்பதே இலாபம் என்பேன். வரைபடத்தில் மூலிகை, கனிமம் ஆகியவற்றில் ஒன்றை மட்டுமே ஒரு நேரத்தில் தேட முடியும் என்பதால் அவ்விரண்டையும் சேர்த்து எடுப்பது சற்றுத் தொல்லை. தோலுரித்தலுக்கோ தேடலே வேண்டாம், பணிகளுக்காக நீங்கள் எப்படியும் கொல்லும் விலங்குகளே போதும்.

பதில் 2:
முந்தைய பதிலுடன் உடன்படுகிறேன். ஆனால் சேர்த்த பொருள்களை மற்ற ஆட்டக்காரர்களுக்கு விற்கும் ஏலக்கூடத்தில் விற்பனைத் தொகையில் 5 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள். பொருள் விற்காவிட்டால், அதை ஏலத்தில் வைக்கும்போது கட்டிய முன்வைப்புத் தொகையும் திரும்பாது. அப்பொருளுக்கு விளையாட்டில் உள்ள கடைக்காரர் தரும் விலையைப் பொறுத்தே அத்தொகை கணக்கிடப்படுவதால், ஆயுதங்களை மீண்டும் மீண்டும் ஏலத்தில் வைத்து நான் இழந்தது கொஞ்சமல்ல. துணி, தாது போன்றவற்றுக்கு அது மிகச் சொற்பம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி நண்பர்களே. மந்திரமேற்றுதலை இன்றே கைவிடுகிறேன்; தையலை விடத்தான் மனம் வரவில்லை.

பதில் 1:
அப்படியானால் தையலோடு தோலுரித்தலை வைத்துக்கொள்ளுங்கள். தங்கம் மிச்சமாக, அரிதாகப் பயன்படுத்தும் திறன்களைப் பயிற்சியாளரிடம் இப்போதைக்கு வாங்காதீர்கள்.