அம்மம்மா வீடு, முள்ளியவளை

அம்மா: அம்மம்மாவின் ஆட்டைத் திவசம் அடுத்த புதன்கிழமை. சின்னமாமி இந்த வெள்ளிக்கிழமை ரொறன்ரோவிலிருந்து புறப்படுகிறார். அவர் கொண்டுவர வேண்டிய பொருள் ஏதும் இருந்தால் இன்றிரவுக்குள் இங்கேயே எழுதுங்கள். ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்து அவரைக் கரைச்சல்படுத்த வேண்டாம்.

சித்தி (வவுனியா): எனக்கு முழங்காலுக்குப் பூசும் மருந்து இரண்டு போதும்.

தம்பி: சின்னமாமா, நீங்கள் முன்பு வந்தபோது விட்டுச்சென்ற எட்டாம் எண் பிளைத் தடிக்கு, அதுதான் பாரமில்லாத பொய் இரையை எறியும் தூண்டில் தடிக்கு, புதிய லைன் ஒன்று வேண்டும். பழைய லைன் ரீலில் ஒரு சுற்றோடு மறு சுற்று ஒட்டிக் கிடக்கிறது. துணியால் துடைத்தால் கறுப்பு அழுக்கு வருகிறது. வெயிலில் சிறிது நேரம் எறிந்தாலே மறுபடியும் பிசுபிசுத்து, வளையங்களுக்குள் ஓடாமல் நின்றுவிடுகிறது. லைனின் நுனிக்கும் இரைக்கும் இடையில் கட்டும் லீடரும் முடிந்துவிட்டது. இரண்டிலும் எதை வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பெரியமாமா: இது அம்மாவின் திவச வேலைகளுக்காகத் தொடங்கிய குழு. திவசம் முடியும்வரை இந்த வீட்டில் மீன் சட்டி அடுப்பில் ஏறாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

தம்பி: திவசத்துக்குப் பிறகுதான் குளத்துக்குப் போவேன், மாமா. சின்னமாமி வரும் இந்தப் பயணத்தை விட்டால் வேறு வழி இல்லை என்பதால்தான் இப்போது கேட்கிறேன்.

சின்னமாமா (ரொறன்ரோ): மருமகன், அந்த லைன் பழுதானதற்கு நீ காரணம் அல்ல. அது குளிர்நாட்டுத் தண்ணீருக்காகச் செய்யப்பட்டது. பிளை லைன் என்பது நைலோன் நூலின் மேல் பிளாஸ்ரிக் பூச்சுப் போட்ட கயிறு. குளிரிலும் சுருளாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பூச்சை மென்மையாக வைப்பார்கள். அதே மென்மை வன்னி வெயிலில் இளகி ஒட்டத் தொடங்கும். வெப்ப நாடுகளுக்கென்று விறைப்பான உட்கயிறும் கடினமான பூச்சும் கொண்ட லைன் தனியாக விற்கிறார்கள். பெட்டியில் 'ட்ரொப்பிக்கல்' என்று போட்டிருக்கும். அதை இங்கே ஏப்ரல் மாதத்தில் எறிந்தால் கம்பிச் சுருள் போல நிற்கும், ஆனால் உனக்கு அதுதான் சரி. நுளம்புக்குப் பூசும் எண்ணெய் கையில் இருக்கும்போது லைனைத் தொடாதே, அது பூச்சைக் கரைக்கும்.

மச்சாள் (கிளிநொச்சி): மாமா, கட்டுநாயக்காவிலிருந்து மாமியைக் கூட்டிவரும் வாகனத்தை யார் பேசியிருக்கிறார்கள்?

அம்மா: பேசியாகிவிட்டது, காசுதான் இன்னும் முடிவாகவில்லை. பிறகு எழுதுகிறேன்.

சின்னமாமா (ரொறன்ரோ): லைனைச் சொல்வதற்கு முன் ஒன்று கேட்கிறேன். நீ எந்த பிளையை எறியப் போகிறாய்? நம்முடைய வழமையான தூண்டிலில் ஈயத்தின் பாரம்தான் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகிறது. பிளைத் தூண்டிலில் பிளைக்குப் பாரமே இல்லை, லைனின் பாரம்தான் பிளையைத் தூக்கிப் போகிறது. ஆகவே பிளை பருமனாகவும் காற்றைப் பிடிப்பதாகவும் இருந்தால், லைனின் முன்பகுதியில் அதற்கேற்ற பாரம் இருந்தாக வேண்டும்.

தம்பி: பழைய இறப்பர்ச் செருப்பில் வெட்டிய தவளை, மாமா. விரலளவு பருமன். முத்தையன்கட்டில் தாமரை ஓரத்தில் விராலுக்கு எறிய வேண்டும். இப்போது சோளகம் பலமாக வீசுவதால் அணைக்கட்டில் நின்று எறியும்போது தவளை பாதி வழியிலேயே திரும்பி வந்து விழுகிறது.

சின்னமாமா (ரொறன்ரோ): அப்படியானால் இங்கே கவார்த்தா ஏரிகளில் அல்லி இலைகளுக்கு நடுவே பெருவாய் பாஸ் மீன் பிடிக்க நாங்கள் பாவிக்கும் லைன்தான் உனக்கும் பொருந்தும். பெட்டியில் 'டபிள்யூ.எஃப். 8 எஃப்.' என்று இருக்க வேண்டும். முதல் இரண்டு எழுத்தும் பாரம் முன்பக்கம் திரண்டிருப்பதைக் குறிக்கும், 8 தடியின் எண், கடைசி எழுத்து மிதக்கும் என்று பொருள். அதிலும் 'பாஸ் பக்' வகை என்றால் முன்பக்கப் பாரம் குறுகிய நீளத்துக்குள் திரண்டிருக்கும்; இரண்டு முறை வீசினாலே தவளை நீண்டு போய் விழும். எண்ணை மட்டும் நம்பாதே. எட்டாம் எண்ணுக்கு முதல் 30 அடியின் பாரம் 210 கிறெயின், அதாவது ஏறத்தாழ 13.6 கிறாம் என்பதுதான் நியமம், ஆனால் பல நிறுவனங்கள் அதைவிடப் பாரமாகச் செய்து அதே எண்ணைப் போட்டு விற்கின்றன. பெரிய தவளைக்கும் சோளகத்துக்கும் அந்தக் கூடுதல் பாரம் நல்லது. அளவுக்கு மீறிப் போனால் தடி துவண்டுவிடும். பாரத்தைப் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதியிருப்பார்கள்.

பெரியமாமா: விராலுக்கு எறிய இவ்வளவு கணக்குத் தேவையில்லை. ஐயா கணுக்கேணிக் குளத்தில் மூங்கில் தடியும் தடித்த தங்கூசியும் உயிர்த் தவளையுமாகப் போவார், வெறுங்கையுடன் திரும்பியதில்லை.

சின்னமாமா (ரொறன்ரோ): அண்ணை, ஐயா அந்தத் தங்கூசியை ஏன் தடிப்பாகப் போட்டார் என்பதுதான் நான் அடுத்து எழுத வந்தது. நீங்கள் கூடப் போனவர், நீங்களே சொல்லுங்கள்.

பெரியமாமா: விரால் கொத்திய உடனே தலையைத் திருப்பித் தாமரைத் தண்டுக்குள் போகும். தண்டு ஒவ்வொன்றும் முள்ளும் சொரசொரப்புமாக இருக்கும், மெல்லிய தங்கூசியை அதில் இரண்டு முறை உரசினால் அறுந்துவிடும். கொத்திய கணத்திலேயே தலையை மேலே தூக்கி இழுத்துக்கொண்டு வர வேண்டும், விளையாட விடக்கூடாது. அதற்குத் தடித்த தங்கூசிதான் வேண்டும். விராலின் பல்லும் சும்மா இல்லை.

சின்னமாமா (ரொறன்ரோ): மருமகன், லீடரைப் பற்றி நான் எழுதவிருந்ததில் பாதியைப் பெரியமாமா எழுதிவிட்டார். லீடரை மெல்லியதாகவும் நீளமாகவும் போடும் வழக்கம் தெளிந்த ஓடையில் ட்றவுட் மீன் பிடிப்பவர்களுடையது. இங்கே கற்பாறை ஓரத்துத் தெளிந்த தண்ணீரில் சிறுவாய் பாஸுக்கு 9 அடி நீளமும் நுனியில் 8 அல்லது 10 இறாத்தல் இழுவை தாங்கும் நைலோனும் போடுவோம். அல்லி இலைக்குள் பெருவாய் பாஸுக்கு ஏழரை அடி போதும், நுனி 12 முதல் 16 இறாத்தல். உன் குளத்துக்கு அதையும்விடத் தடிப்பாக 20 இறாத்தல் நுனியோடு கட்டு.

தம்பி: ஆயத்த லீடர் வாங்குவதா, நானே கட்டுவதா?

சின்னமாமா (ரொறன்ரோ): நீயே கட்டு. 40 இறாத்தல் நைலோன் நாலரை அடி, 30 இறாத்தல் ஒன்றரை அடி, 20 இறாத்தல் ஒன்றரை அடி. அடிப்பகுதி தடித்து விறைப்பாக இருந்தால்தான் லைனின் வேகம் தவளைவரை போய்ச் சேரும். மெல்லியதாக இருந்தால் லைன் நீண்டு விழுந்தாலும் தவளை அதன் மேலேயே குவிந்து விழும். நீ சொன்னது போலப் பாதி வழியில் திரும்பி வருவதற்கு லீடரும் ஒரு காரணமாக இருக்கும். மேலே மிதக்கும் தவளைக்கு நைலோனே நல்லது. புளோரோகார்பன் பாரமானது, தண்ணீருக்குள் இறங்கித் தவளையின் மூக்கைக் கீழே இழுக்கும். நைலோனை வெயிலில் விட்டுவைக்காதே, வலு குறைந்துவிடும். முடிச்சை ஈரமாக்கி மெதுவாக இறுக்கு.

சித்தி (வவுனியா): என் மருந்தின் பெயரை யாராவது மாமிக்கு அனுப்பினீர்களா?

சின்னமாமி: அனுப்பினார்கள், வாங்கிவிட்டேன். ஆனால் இரண்டு பெட்டியும் நிறைந்துவிட்டன. அக்காவுக்கும் மச்சாளுக்கும் சேலைகள், பிள்ளைகளுக்குச் சப்பாத்து.

சின்னமாமா (ரொறன்ரோ): ஒரு லைன் ஒரு சேலையின் பாரம்கூட வராது.

பெரியமாமா: பாரத்தைப் பற்றிப் பேசுகிறவர் தானே கொண்டுவந்தால் ஒருவருக்கும் கரைச்சல் இல்லை. செத்தவீட்டுக்கும் வரவில்லை, ஆட்டைக்கும் வரவில்லை.

அம்மா: அண்ணை, அது இங்கே வேண்டாம்.

சின்னமாமா (ரொறன்ரோ): ஆவணியில் வருகிறேன், அண்ணை. விடுமுறை கேட்டு எழுதியிருக்கிறேன்.

தம்பி: நந்திக்கடலில் கொடுவாவுக்கும் எறியலாம் என்று மல்லாவியிலிருக்கும் அத்தான் சொல்கிறார். அதற்கும் இதே லைன் போதுமா?

சின்னமாமா (ரொறன்ரோ): கரையோர ஆழமற்ற இடத்தில் இதே லைன் போதும். காற்றில் அலை எழும் நேரத்தில் மிதக்கும் லைனை அலை இழுத்துப்போகும். அப்போது வினாடிக்கு ஒன்று முதல் இரண்டு அங்குலம்வரை மெதுவாக மூழ்கும் 'இன்ரர்மீடியற்' லைன் நல்லது, அதற்கு மூன்று நான்கு அடி லீடரே போதும். நீளமாகப் போட்டால் லைன் கீழே போனாலும் பிளை மேலேயே நிற்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல வெட்டும், ஆகவே நுனியில் இரண்டடிக்கு 40 அல்லது 50 இறாத்தல் தங்கூசி சேர்த்துக் கட்டாமல் எறியாதே.

பெரியமாமா: குளத்துக்குப் போகும் முன் மீன்பிடிச் சங்கத்தாரிடம் சொல்லிவிட்டுப் போ. சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போகும் இடத்தில் பெற்ற விரால் காவல் நிற்கும். அங்கே தவளையைப் போட்டால் பசிக்காக அல்ல, குஞ்சைக் காக்கவே கொத்தும். அதைப் பிடித்தால் குஞ்சு முழுவதும் மற்ற மீனுக்கு இரை.

சின்னமாமா (ரொறன்ரோ): இங்கேயும் அப்படித்தான், அண்ணை. இளவேனிலில் ஆண் பாஸ் கூட்டைக் காக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் பாஸ் பிடித்து வைத்துக்கொள்ள ஒன்ராறியோவின் பல இடங்களில் தடை.

பெரியமாமா: நல்லது. தங்கூசி முல்லைத்தீவிலேயே வாங்கலாம், நான் புதன்கிழமைக்கு முன் அந்தப் பக்கம் போவேன். 40, 30, 20 என்று மூன்றையும் ஒரு கடதாசியில் எழுதித் தா.

சின்னமாமி: மிதக்கும் லைன் ஒன்றை நாளைக்கு வாங்கி என் கைப்பையில் வைக்கிறேன். மற்றதை, பெட்டிகளை நிறுத்துப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

தம்பி: 'ட்ரொப்பிக்கல்' என்று பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து ஒரு படம் அனுப்புங்கள், மாமி.

மச்சாள் (கிளிநொச்சி): வாகனக் காசு எவ்வளவு என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.