இசைத் தொழில்நுட்பத்துக்குப் பட்டப்படிப்பு தேவையா, ஸ்டுடியோவே போதுமா?

புரசை_அப்பா:
என் மகள் கணிதமும் இயற்பியலும் எடுத்துப் பிளஸ் டூ தேறியிருக்கிறாள். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தாயிற்று. அவளோ வெகுசன இசையும் இசைத் தொழில்நுட்பமும் சேர்ந்த மூன்றாண்டுப் பட்டப்படிப்பில்தான் சேருவேன் என்கிறாள். சிறு வயதிலிருந்தே கீபோர்டு வாசிக்கிறாள். இரண்டு ஆண்டுகளாக மடிக்கணினியில் தானே பாட்டுகளைப் பதிவு செய்கிறாள். திரைத்துறையில் இருக்கும் உறவினர் ஒருவர், "இதற்கெல்லாம் பல்கலைக்கழகம் எதற்கு, ஒரு ஸ்டுடியோவில் கொண்டுபோய் விடுங்கள்" என்று சொல்லிவிட்டார். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பழைய_கன்சோல்:
ஐயா, உங்கள் உறவினர் சொல்வதில் தவறில்லை. கோடம்பாக்கம், வடபழனிப் பக்கத்து ஸ்டுடியோக்களில் 24 ஆண்டுகளாக ஒலிப்பதிவு செய்துவருகிறேன். இதுவரை ஒரு தயாரிப்பாளர்கூட என்னிடம் பட்டத்தைக் கேட்டதில்லை. கேபிள் சுருட்டினேன், தேநீர் வாங்கி வந்தேன், மூன்றாம் ஆண்டில்தான் என்னை மைக் வைக்க விட்டார்கள்.

சென்ற ஆண்டு பட்டதாரி இளைஞர் ஒருவர் உதவியாளராக வந்தார். சந்தையில் உள்ள எல்லா மென்பொருள்களின் பெயர்களும் அவருக்குத் தெரியும். பாடகி ஒருவர் திரும்பத் திரும்பச் சுருதி விலகிப் பாடியபோது, பதிவான குரலைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றார். நான் அந்த அம்மாவின் ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். சுருதிப் பெட்டியின் ஒலியே கேட்கவில்லை. தாளமும் ரிவெர்ப் என்னும் செயற்கை எதிரொலியும்தான் நிறைந்து கிடந்தன. அதைச் சரிசெய்ததும் அடுத்த டேக்கிலேயே பாட்டு அமைந்துவிட்டது. கற்பதற்கு இடம் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்து நாற்காலிதான்; வகுப்பறை அன்று.

அலைநீளம்:
பெரியவர் சொன்ன ஹெட்போன் கதை உண்மையானது. ஆயினும் அது அந்த இளைஞரின் குறையா, படிப்பின் குறையா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் இத்துறையைப் படித்துவிட்டு வந்தவன்; நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு கோயில் விழாப் பதிவில் தவிலுக்கு, விரல்களால் வாசிக்கும் வலந்தலைப் பக்கம் ஒரு மைக்கும் கோலால் அடிக்கும் தொப்பிப் பக்கம் ஒரு மைக்கும் வைத்திருந்தார்கள். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நன்றாகவே இருந்தன. சேர்த்துக் கேட்டதும் தொப்பியில் கோல் விழும் கனமான அடி மெலிந்துபோயிற்று. காரணம் எளியது. தொப்பியில் கோல் படும்போது அந்தத் தோல் உள்நோக்கிச் செல்கிறது. உள்ளிருக்கும் காற்று மறுபக்கத்துத் தோலை வெளியே தள்ளுகிறது. ஆகவே ஒரு மைக்குக்கு அழுத்தம் குறையும் அதே கணத்தில் மற்றதற்குக் கூடுகிறது. இரண்டையும் கூட்டினால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஒரு சேனலில், ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை அழுத்தியதும் அடி திரும்பி வந்துவிட்டது.

பழைய_கன்சோல்:
தம்பி, அந்தப் பொத்தானை நாங்களும் அழுத்தியிருக்கிறோம். "அமுக்கிப் பார், எது கனமாகக் கேட்கிறதோ அதை வை" என்று என் மூத்தவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிக்கொடுத்தார். இதற்கு மூன்று ஆண்டுக் கட்டணமா?

அலைநீளம்:
இரண்டு மைக்கும் தோலை ஒட்டியிருக்கும்வரை உங்கள் மூத்தவரின் வாக்கியம் போதும், ஐயா. மூன்றாவதாக ஒரு மைக்கை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் ஒலி அங்கே போய்ச் சேர ஏறத்தாழ 3 மில்லிநொடி கூடுதலாகும். கிட்டத்து மைக்கோடு அதைச் சேர்க்கும்போது 170 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும்; அதாவது அந்தச் சுருதியில் ஒலி மெலிந்துவிடும். பொத்தானை அழுத்தினால் அது மறையாது, வேறோர் இடத்துக்கு நகரும். அங்கே மைக்கை நகர்த்த வேண்டுமா, பதிவான டிராக்கை நேரத்தில் முன்பின்னாக நகர்த்த வேண்டுமா என்று தீர்மானிக்கக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. எண்பதுகளில் உலகெங்கும் ஒலித்த, மணியோசை கலந்த அந்த மின்பியானோ ஒலி, 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கருவியினுடையது. அதன் அடிப்படையான எஃப்எம் முறையை, அதாவது ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் அசைத்து ஒலி உண்டாக்கும் முறையை, 1967இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கண்டறிந்த ஜான் சௌனிங் ஓர் இசையமைப்பாளர். கணினியில் ஒரு ஸ்வரத்தின் சுருதி அசைவை அளவுக்கு மீறிக் கூட்டிப் பார்த்தபோது அது புதிய ஒலிநிறமாக மாறியதைக் கவனித்தார். நாளை மாலைக்குள் பாட்டை முடித்தாக வேண்டிய எந்த ஸ்டுடியோவில் அப்படிச் சோதித்துக்கொண்டிருக்க விடுவார்கள்?

மெட்டு:
இருவருமே தொழில்நுட்பத்தில் நின்றுவிட்டீர்கள். வெகுசன இசை என்ற முதற்பாதியை யாரும் தொடவில்லை. கர்நாடக இசை 1930களிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குள் வந்துவிட்டது. குருவிடம் கற்க வேண்டியதை வகுப்பறையில் கற்பிக்க முடியுமா என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை என்றாலும், அது பாடத்துக்குரிய இசையா என்று ஒருவரும் கேட்பதில்லை. கானாவுக்கும் திரைப்பாட்டுக்கும் அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகம் இதற்கென்றே 1988இல் தனி நிறுவனம் தொடங்கியது. ஸ்வரமாக எழுதிவிட்டால் ஒரு திரைப்பாட்டில் என்ன மிஞ்சும்? குரலின் கரகரப்பும், எதிரொலியின் நீளமும், பேஸ் கிதார் நுழையும் இடமும் தாளில் ஏறாது. அவற்றைப் பேசுவதற்கு ஒரு மொழி வேண்டும்.

உரிமைச் சட்டமும் இப்பாடத்தில் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பின், திரைப்படத்துக்கு எழுதிய பாட்டு வேறு வழிகளில் ஒலிக்கும்போது வரும் ராயல்டிப் பங்கைக் கவிஞரும் இசையமைப்பாளரும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. இது தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.

பழைய_கன்சோல்:
அம்மா சொன்ன கடைசி விஷயத்தில் எனக்கு வாயில்லை. நான் போட்ட விளம்பர மெட்டு ஒன்று பதினோரு ஆண்டுகள் ஓடியது. எனக்குக் கிடைத்தது முதல் நாள் கொடுத்த உறை மட்டுமே. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். இருந்தாலும் மூன்று ஆண்டுகள் என்பது நீளம்தான். அதற்குள் காது பழகாமல் போய்விடும்.

அலைநீளம்:
அதற்கும் வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் 1970 முதல் நடக்கும், இசையும் ஒலிப்பதிவும் சேர்ந்த டோன்மைஸ்டர் படிப்பில், இடையில் ஓராண்டு முழுவதும் ஸ்டுடியோவிலோ ஒலிபரப்பு நிறுவனத்திலோ வேலை செய்ய அனுப்புகிறார்கள். இசையோடு கணிதமும் இயற்பியலும் தெரிந்தவர்களையே அவர்கள் தேடுகிறார்கள். புரசை ஐயாவின் மகளிடம் மூன்றுமே இருக்கின்றன.

பழைய_கன்சோல்:
ஐயா, என் எண்ணம் மாறிவிடவில்லை. சேர்ப்பதென்றே முடிவு செய்தால், கல்லூரியில் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: மாணவர்களுக்கான ஸ்டுடியோவை மாலையில் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? பட்டியலில் இருக்கும் கருவிகளைப் பார்த்து மயங்காதீர்கள்.

புரசை_அப்பா:
அனைவருக்கும் நன்றி. இன்று காலை இரண்டு இடங்களுக்குத் தொலைபேசியில் கேட்டேன். முதல் கல்லூரியில் ஐந்தரைக்குப் பூட்டிவிடுவார்களாம். சனி, ஞாயிறு திறப்பதே இல்லையாம். இரண்டாவது இடத்தில், பெயர் எழுதி வைத்தால் இரவு பத்து வரை இருக்கலாம் என்றார்கள். மகளை அழைத்துக்கொண்டு வியாழக்கிழமை அங்கே போகிறோம்; ஒரு மைக்கை ஒரு மீட்டர் தள்ளி வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்று இப்போதே குறித்து வைத்திருக்கிறாள்.