படிவங்களில் குடும்பப்பெயர் (சர்நேம்) கேட்கும் கட்டத்தில் நீங்கள் என்ன எழுதினீர்கள்?

வடகாற்று:

எனக்கு ஒரே பெயர்தான், முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. பள்ளிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், ரேஷன் அட்டை எல்லாம் அப்படியே ஓடின. பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டேன். அதன்பிறகு வெளிநாட்டில் போகிற இடமெல்லாம் என்னை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் மின்னஞ்சல் முகவரியையே அப்பா பெயரில் உருவாக்கிக் கொடுத்தார்கள். ஊரில் அப்பாவை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அண்ணே என்பார்கள், இல்லாவிட்டால் சார். முன்பின் தெரியாதவர்கள் அந்தப் பெயரை வெறுமனே சொல்லும்போது எனக்கு இன்றும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

என் நண்பர் ஒருவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். அமெரிக்க விசாவில் அவர் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விட்டது. முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகி வந்தது, அதாவது முதற்பெயர் தெரியவில்லையாம். அப்புறம் ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே ஏறியது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவே பதறிப் போனது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது.

எனக்கு இதில் கோபம் உண்டு. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெரியாரும் தன் பெயரிலிருந்த பட்டத்தை விட்டார். என் தாத்தாவின் கையெழுத்தில் பட்டம் இருந்தது, அப்பாவின் கையெழுத்தில் இல்லை. அந்தக் காலி இடம் பாடுபட்டு உண்டாக்கியது. ஒரு சமூக வலைத்தளம் ‘சர்நேம் கட்டாயம்’ என்று சிவப்பு எழுத்தில் காட்டும்போது, உதறியதை மறுபடி எடுத்து மாட்டிக்கொள் என்கிற மாதிரி இருக்கிறது. இனிஷியலைப் போட்டுப் பார்த்தேன், ஒற்றை எழுத்தை ஏற்கவில்லை. கடைசியில் ஊர்ப்பெயரை எழுதினேன். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் அதையே என் குடும்பப்பெயர் என்று நினைத்திருக்கிறார்கள். இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை.

தாழம்பூ:

அண்ணா, பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கல்யாணத்துக்கு முன் ஓர் எழுத்து, பின் ஓர் எழுத்து. என் பட்டச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், வங்கிக் கணக்கில் கணவருடையது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொடுத்தே ஓய்ந்துவிட்டேன்.

இணையத்தில் மட்டும்தான் நானே தேர்ந்தெடுத்த பெயரில் இருக்கிறேன். 2011-இல் கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் வந்த புதிதில், சொந்தப் பெயர் அல்ல என்று கருதிய கணக்குகளை முடக்கினார்கள். 2014 ஜூலையில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். விதி இருந்தவரை நான் அந்தப் பக்கம் போகவில்லை. புனைபெயர் வைப்பவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. நான் எழுதியவற்றில் பாதி, சொந்தப் பெயரில் இருந்தால் எழுதவே முடிந்திருக்காது. முதல் வாரத்திலேயே உறவுக்காரர் யாராவது அப்பாவுக்கு போன் போட்டிருப்பார்கள்.

புத்தகக் காட்சியில் ஒரு பெண் ஓடிவந்து “தாழம்பூ அக்காதானே?” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் பேசினோம். என் இயற்பெயரை அவள் கேட்கவே இல்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

நெய்தல்:

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கனடா வந்த குடும்பம். அப்பாவின் கடைசிப் பெயர் தாத்தாவின் பெயர். அம்மாவுக்கும் எங்களுக்கும் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர். ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. சின்ன வயதில் விமான நிலையத்தில் அப்பாவிடம் “இவர்கள் உங்கள் பிள்ளைகள்தானா?” என்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா பொறுமையாக விளக்கினார். அந்த அதிகாரிக்கு விளங்கியதா தெரியாது, முத்திரை குத்தி விட்டார்.

மகள் பிறந்தபோது வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. அப்பாவின் பெயரையே குடும்பப்பெயராக வைத்துவிடுங்கள், இந்த நாட்டில் அதுதான் சுலபம் என்று மச்சான் சொன்னார். சுலபம்தான். இங்கே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், அது பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா தன் பெயரை எனக்குத் தந்ததுபோல நானும் என் பெயரை மகளுக்குத் தர வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்படியே பதிந்தோம். பயணம் போகும்போது அவளுடைய பிறப்புச் சான்றிதழ் பையில் இருக்கும். கேட்டால் எடுத்துக் காட்டுவோம்.