ஊர்க்காரர் கையில் இருந்த ஆயுதம் யாருடையது? 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து குறித்து ஒரு கேள்வி

பென்னாகரம் வாசகர்:
தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களைப் பார்க்கும்போதெல்லாம், தொறு (கால்நடைக் கூட்டம்) மீட்கப் போய் மடிந்த வீரர் கையில் இருக்கும் வில்லும் வாளும் அவருடைய சொந்தப் பொருளா, தலைவன் கொடுத்ததா என்ற கேள்வி எனக்கு எழுகிறது. நான் படித்த கல்வெட்டு வரிகளில் அதற்கு விடை இல்லை. இங்கிலாந்திலோ, நிலையான படை இல்லாத 16ஆம் நூற்றாண்டில், உழவரும் கைவினைஞரும் வைத்திருந்த ஆயுதங்களைப் பெயர்வாரியாக எழுதிய பட்டியல்கள் உள்ளன என்று அறிகிறேன். அவற்றை வாங்கியவர் யார், சரிபார்த்தவர் யார் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

காவேரிப்பட்டணம் ஆசிரியர்:
ஐயா, வாங்கும் பொறுப்பு குடிமக்களுடையதே. 15 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் தம் நிலத்துக்கும் உடைமைக்கும் தக்க ஆயுதம் வைத்திருக்க வேண்டும், அது ஆண்டுக்கு இரண்டு முறை பார்வையிடப்படும் என்று 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டமே விதித்திருந்தது. மேரி அரசி காலத்தில், 1558இல், அந்த ஏற்பாட்டுக்குப் பதிலாக வந்த புதிய சட்டம் செல்வர்களைப் பத்துப் படிகளாகப் பிரித்தது. கீழ்ப்படியில், ஆண்டுக்கு 5 முதல் 10 பவுண்டு வரை நில வருவாய் உடையவர் இரும்புத் தகடு பதித்த ஒரு மேலங்கி, நீண்ட காம்பில் வளைந்த அலகு பொருத்திய ஒரு வெட்டாயுதம், ஒரு நெடுவில், ஒரு கட்டு அம்பு, ஓர் எஃகுத் தொப்பி ஆகியவற்றை வைத்திருக்க வேண்டும். மேற்படியில் இருந்தவர்களோ குதிரைகளையும் பலருக்கான கவசங்களையும் தர வேண்டியிருந்தது. அந்த அளவு வருவாய் இல்லாத எளியவர்களுக்காக ஊரே பொதுவில் ஆயுதம் வாங்கியது. அவ்வாறு வாங்கியவை பல இடங்களில் தேவாலயத்திலேயே பூட்டி வைக்கப்பட்டன. சஃபோக் பகுதியின் மெண்டில்ஷம் தேவாலயத்தில் வாயில் மண்டபத்தின் மேலறையில் அத்தகைய கவசங்கள் இன்றும் இருக்கின்றன. நம் ஊர்க் கோயில்களில் பொதுப் பாத்திரங்களும் குடைகளும் பூட்டியிருப்பதைப் போன்ற ஏற்பாடு அது.

சரிபார்ப்பு நாளில் ஊர்க்காவலர் 16 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களைக் குறித்த திடலுக்கு அழைத்து வருவார்; அரசு நியமித்த ஆணையர்கள் உடல் தகுதியையும் ஆயுதத்தையும் பார்ப்பார்கள். டெவன் பகுதியின் 1569ஆம் ஆண்டுப் பட்டியல் வில்லாளர், துப்பாக்கியாளர், ஈட்டியாளர், வெட்டாயுதக்காரர் என ஆட்களை வகைப்படுத்துகிறது.

ஓசூர் அன்பர்:
ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். வில்லுக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம் தேவை; அதனால்தான் எட்டாம் ஹென்றி காலச் சட்டம் ஒன்று 7 வயதுச் சிறுவனுக்கும் தந்தை வில்லும் இரண்டு அம்பும் வாங்கித் தர வேண்டும் என்றது. துப்பாக்கியைக் கற்பது எளிது, ஆனால் வெடிமருந்துக்குச் செலவு மிகுதி. எல்லாரையும் பயிற்றுவிக்கப் பணம் போதாததால், 1573 முதல் தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் பயிற்சிப் படைகளாக அமைத்தார்கள். 1595இல் அப்படைகளில் வில்லை ஏற்பதில்லை என்று அரசவைக் குழு முடிவு செய்தது.

அரூர் வாசகி:
அந்தப் பட்டியல்களை அப்படியே நம்பிவிடலாகாது என்பது என் கருத்து. 1522இல் ஆயுதக் கணக்கு என்ற பெயரில் ஒவ்வொருவருடைய நிலமும் உடைமையும் எழுதப்பட்டன. அதையே அடிப்படையாகக் கொண்டு மன்னருக்குக் கட்டாயக் கடன் வசூலிக்கப்பட்டது. அதன் பிறகு கணக்கெடுக்க வந்தவரிடம் உடைமையைக் குறைத்துச் சொல்ல மக்களுக்குத் தக்க காரணம் இருந்தது. ஆகவே பட்டியலில் ஒருவர் பெயருக்கு எதிரே ஆயுதம் இல்லை என்றிருந்தால், அவர் வீட்டிலும் இல்லை என்று உடனே முடிவு செய்யாமல், அதே ஊரின் உயில்களையும் வீட்டுப் பொருள் பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.